குடிக்கிற ஆளிடம் மட்டும் பேசுவார்

என் வீட்டுக்காரர் குடியை நிறுத்தினதற்கு யார் காரணம் என்று கேட்டால், எங்கள் சபையில் உள்ளவர்களும் சொந்தக்காரர்களும் ஒரே ஆளைத்தான் கை காட்டுவார்கள். அருமனையில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருந்த மனிதர். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னிடம் பலபேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வாய் வராது. அந்த ஆள் என்னை நடத்தின விதத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிவிடும்.

குட்டையான மனிதர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருப்பார். இடது புருவத்தில் பாதி கிடையாது. எப்போதோ கேஸ் பற்றி எரிந்ததில் போனது, திரும்ப முளைக்கவில்லை. அதனால் அவர் எதைப் பார்த்தாலும் ஒரு கண் நம்பாத மாதிரியே இருக்கும்.

முதலில் அவருடைய குரலைத்தான் கேட்டேன். என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வந்து நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கிளம்புகிற அன்றைக்கு ஒரு நர்ஸ் மாத்திரைக் கவரின் பின்னால் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தாள். குடியை விட்டவர்கள் வாரத்துக்கு ஒருநாள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, இந்த ஆளிடம் கேளுங்கள் என்றாள். மறுநாள் மதியம், கொட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் வராந்தா ஓரம் நின்று கூப்பிட்டேன்.

"யாரு குடிக்கது?" என்றது குரல். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரரு சார். பதினாலு வருசமா..."

"அவரப் பேசச் சொல்லுங்க."

வைத்துவிட்டார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து மறுபடி கூப்பிட்டேன்.

"சார், நான் சொல்லுகதக் கொஞ்சம் கேளுங்க. அவரு பேசமாட்டாரு. அவருக்குத் தெரியாமத்தான் கூப்பிடுகேன்."

"நீங்க குடிப்பியளா?"

"அய்யே, இல்ல!"

"அப்பம் ஒங்களுக்கு எனக்கிட்டப் பேச ஒண்ணும் இல்ல, டீச்சர்."

டீச்சர் என்று எப்படித் தெரிந்தது? பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டிருக்கும். அல்லது என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். பத்தொன்பது வருஷம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவளின் பேச்சை ஒருவன் பாதியில் வெட்டிவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். இவர் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். குடித்தது அவர் என்றாலும் அந்தக் குடியைக் கட்டிக் காத்து நடத்தியது நான். திங்கள்கிழமை காலையில் கல்லூரி சூப்பிரண்டுக்குப் போன் போடுவது என் வேலை. காய்ச்சல், கழிச்சல், கால் சுளுக்கு என்று முறை வைத்துச் சொல்வேன். சொன்னதையே சொல்லிவிடக்கூடாது என்பதற்காகக் காலண்டரில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். இவர் கையெழுத்தில் லீவ் லெட்டர் எழுதுவேன், இவரே தோற்றுப்போவார். என் மாமியாரை இரண்டு தடவை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். அவரை அடக்கம் செய்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகளிடமும் இதே கதைகள்தான். "அப்பா உறங்குகாரு மக்களே" என்று எத்தனை சாயங்காலம் சொல்லியிருப்பேன். ஐந்து மணிக்கு யாராவது உறங்குவார்களா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகவே போனை வைத்துவிட்டால் விடுகிற ஆள் இல்லை நான். வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடக்கும் என்றும், நாகர்கோவிலில் ஒரு சர்ச் ஹாலில் என்றும் நர்ஸ் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினேன். தோள்பையில் இவருடைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் தாள் எல்லாம் ஒரு ஃபைலில்.

அந்த ஹாலில் பாட்டுக்குழு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த காவல்காரரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் தாழ்த்தவில்லை.

"குடிகாரன்மாரு கூட்டமா? அது முந்தி நடந்துது. முற்றம் முழுக்க பீடித் துண்டா கெடக்குண்ணு வேற எடம் பாக்கச் சொல்லியாச்சு. இப்பம் லைப்ரரி மாடில எங்கயோ."

லைப்ரரி மாடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் யோகா செய்துகொண்டிருந்தார்கள். கீழே இறங்கி ஒரு ஆட்டோவைக் கைகாட்டினேன். எங்கே என்று கேட்டார் டிரைவர். சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில், "இந்தக் குடிய விடுகதுக்கு ஒரு கூட்டம் உண்டுமாமே" என்றேன்.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்கா?"

"எனக்கில்ல!"

"சரி, ஏறுங்க. நானும் அங்கதான் போறேன்."

சிறிது தூரம் போனபிறகு அவரே சொன்னார். "உள்ள விடமாட்டாவ கேட்டியளா. கூட்டம் நடத்துக அண்ணன் ஒரு மாதிரி ஆளு."

ஒரு நர்சரிப் பள்ளியின் பின்பக்கத்து வகுப்பறை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் அணிலும் ஆட்டுக்குட்டியும் வரைந்திருந்தார்கள். அதற்குக் கீழே, எல்.கே.ஜி. பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சுகளில், முட்டி நெஞ்சைத் தொட, பதினைந்து பெரிய ஆண்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் படித்த பையனின் அப்பா. அவர் கண்ணில் படாமல் ஒதுங்கினேன். யாரோ ஒருவர் எழுந்து நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார் என்று கேட்கக் காதை ஜன்னலருகே கொண்டுபோனேன்.

கதவு திறந்தது. பாதிப் புருவத்தோடு அந்த மனிதர் வெளியே வந்தார்.

"போன் பண்ணின டீச்சரா?"

"ஆமா சார். கொட்டாரத்துலேர்ந்து வாறேன். ஒரு அஞ்சு நிமிசம்..."

"இது குடிக்கவங்களுக்க கூட்டம்."

"அது தெரியும் சார். அவர எப்பிடிக் கூட்டிட்டு வரணும்ணு மட்டும் சொல்லுங்க. சாப்பாட்டுல கலந்து குடுக்கதுக்கு ஏதோ மருந்து உண்டுண்ணு சொல்லுகாவ. இந்த ஃபைலப் பாருங்க, டாக்டர் என்ன எழுதியிருக்காருண்ணு. ஈரல் வீங்கியிருக்கு..."

ஃபைலை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதுல இருக்கது அவருக்க ஈரல். அவருக்க ஈரல அவரு கொண்டு வரட்டு."

கதவைச் சாத்தி உள்ளே கொண்டி போட்டார். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நீட்டின ஃபைல் நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வரும் பஸ்ஸில், சுசீந்திரம் தாண்டும்வரை, அந்த ஆளின் குடும்பத்தையே வாய்க்குள் ஏசிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகும் விடவில்லை. வெட்கம்கெட்டு அவர் கடைக்கே போனேன். கடை அருமனையில் என்று ஆட்டோக்காரர் வாயிலிருந்து பிடுங்கியிருந்தேன். ஒரு இரண்டாவது சனிக்கிழமை, எங்கள் வீட்டு அடுப்பைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறினேன். அடுப்பைக் காரணமாக வைத்துக்கொண்டால் பேசித்தானே ஆகவேண்டும் என்று கணக்கு.

பெரிய கடை இல்லை. முன்பக்கம் அடுப்புகளும் ரெகுலேட்டர்களும், பின்பக்கம் வீடு, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களிடம் அவர் பேசின அழகைப் பார்க்கவேண்டும். "ஓஸ் வருசம் தோறும் மாத்தணும் அக்கா, இல்லாட்டா எலி கடிச்சாலும் தெரியாது." "பால் பொங்கி விழுந்தா ஒடனே தொடச்சிரணும் கேட்டியளா." இவ்வளவு தன்மையாகப் பேசத் தெரிந்த மனிதர்தானா என்று இருந்தது.

என் முறை வந்தது. என்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"எந்தப் பக்கம் கேடு?"

"வலது பக்கம். தீ மஞ்சளா எரியுது."

பர்னரைக் கழற்றினார். ஊதினார். மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார். மாட்டிப் பற்றவைத்தார். நீலமாக, வட்டம் குலையாமல் எரிந்தது. எரியும் என்று எனக்குத் தெரியும்.

"வீட்டுல நேரத்துக்கு சமையலே நடக்கதில்ல சார்," என்று ஆரம்பித்தேன். "இவரு எப்ப வருவாரு, எந்தக் கோலத்துல வருவாருண்ணு..."

அவர் அடுப்பை அணைத்தார். அந்த முகமும் அதோடு அணைந்தது.

"இதுக்கு ஒரு கேடும் இல்ல டீச்சர். சும்மா இம்புட்டுத் தூரம் சொமந்திருக்கிய."

சாக்கில் அவரே கட்டி, முடிச்சுப் போட்டு, என் பக்கம் தள்ளினார். அடுத்த ஆளைப் பார்த்தார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்போது பின்கதவிலிருந்து ஒரு குரல், "இஞ்ச வந்து சாயா குடிச்சிட்டுப் போங்கோ" என்றது. அவருடைய மனைவி. என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும், மெலிந்த உடம்பு, முழங்கையில் ஒரு பழைய தையல் தழும்பு. சமையலறையில் உட்காரவைத்துக் கட்டன் சாயா தந்தார்.

"ஒம்மட்டப் பேசல்லியா?"

"இல்லக்கா."

"எனக்கிட்டயும் பேசமாட்டாரு."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அந்த அக்காவின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"குடிக்கும்போ வாய் ஓயாது. பாடுவாரு, அழுவாரு, அடிப்பாரு, பெறவு காலப் பிடிப்பாரு. விட்டு இப்பம் பன்னெண்டு வருசம். சோறு, உப்பு, கரண்டு பில்லு, அதுக்கு மேல எனக்கிட்ட ஒரு வாக்கு கெடயாது. ஊருல உள்ள குடிகாரனுவ எல்லாம் அவருக்குப் பிள்ளைய. அர்த்த ராத்திரி போன் வந்தாலும் எந்திச்சுப் போவாரு. நான் அடுக்களைல வழுக்கி விழுந்தா, சத்தம் என்னாண்ணு கேப்பாரு."

"ஏங்க்கா அப்பிடி?"

அக்கா தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "வழியில விழுந்து கெடக்காம இருக்கட்டுமுண்ணு நானே வாங்கி வச்சுக் குடுத்திருக்கேன், பிள்ளே. அளந்து ஊத்திக் குடுப்பேன். எனக்குக் கையில அளவு வந்துட்டு. அத அவரு மறக்கமாட்டாரு. நான் கெடுக்கணும்ணா குடுத்தேன்?"

என் காலண்டரின் பென்சில் குறிகள் ஞாபகம் வந்தன. அதை அந்த அக்காவிடம் சொல்லவில்லை.

அப்புறம் நடந்தது நான் யோசித்துச் செய்ததில்லை. ஒரு திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். காலை போன் போட மறந்துபோனேன். பத்தரை மணிக்குக் கல்லூரி சூப்பிரண்டே கூப்பிட்டார். "என்ன டீச்சர், இன்னிக்கி என்ன?" என்று கேட்டார். அந்த 'இன்னிக்கி என்ன'வில் ஒரு சிரிப்பு இருந்தது. இத்தனை வருஷமும் அவர் ஒன்றையும் நம்பவில்லை என்று அந்த நொடியில் தெரிந்தது.

"அவருட்டயே கேளுங்க சார்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் போன் போடவில்லை. போடக்கூடாது என்று முடிவெடுத்தேன் என்று சொல்லமுடியாது. அந்தச் சிரிப்பை மறுபடி கேட்கத் தெம்பு இல்லை. இரண்டு மாதத்தில் இவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு யார்மேல் கோபம் வரவேண்டும்? குடித்தவர்மேல் வரவில்லை. சூப்பிரண்டுமேல் வரவில்லை. நேராக அருமனைக்குப் போனைப் போட்டேன்.

"நல்லா இருப்பியளா? ஒங்க பேச்சக் கேட்டுத்தான் எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு!"

அந்தப் பக்கம் ஒரு ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஒங்ககிட்ட ஒண்ணும் பேசல்லியே, டீச்சர்."

வைத்துவிட்டார். நான் போனைக் கட்டிலில் எறிந்தேன். அவர் சொன்னது உண்மை. அதுதான் இன்னும் எரிச்சல்.

வேலை போனபிறகு ஏழெட்டு மாதம் வீடு வீடாக இல்லை. இவர் காலையிலேயே தொடங்கிவிடுவார். நான் பள்ளிக்கூடம் போய்வருவேன், சமைத்து மூடிவைப்பேன், எதுவும் கேட்கமாட்டேன். கேட்க ஆரம்பித்தால் அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம். மகளிடம் முதல்முறையாக, "அப்பா குடிச்சிட்டு கெடக்காரு மக்களே" என்று சொன்னேன். அவள், "தெரியும்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை நேரம். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வாசலில் தெரியாத செருப்பு. உள்ளே, எங்கள் முன்னறை நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். எதிரில் இவர், எவர்சில்வர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தண்ணீர் தளும்பி மடியெல்லாம் ஈரம். மாத்திரைக் கவரில் இருந்த நம்பரை, அலமாரியில் நான் வைத்திருந்த இடத்திலிருந்து, இவரே எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். இவர் கூப்பிட்ட இரண்டரை மணி நேரத்தில் அந்த ஆள், கடையை அடைத்துவிட்டு, மூன்று பஸ் மாறி, கொட்டும் மழையில் வந்து சேர்ந்திருக்கிறார்.

"இப்பமாவது வந்தியளே," என்றேன். நன்றியாகச் சொன்னேனா குத்தலாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "போவமா?" என்று இவரிடம் கேட்டார். இவர் எழுந்தார். சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. நான் சரிசெய்யப் போனேன், இருவரும் படி இறங்கிவிட்டார்கள்.

"எங்க கூட்டிட்டுப் போறிய? எப்பம் வருவாரு?"

"மொதல்ல ஆஸ்பத்திரி," என்றார் இவர். அந்த மனிதர் அல்ல, இவர்தான் சொன்னார்.

மருந்து ஞாபகம் வந்தது. உள்ளே ஓடி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, குடைகூட இல்லாமல் முற்றத்தில் இறங்கினேன். அவர்கள் வெளிவாசலைத் தாண்டி நின்றிருந்தார்கள். நான் ஓடிவருவதைப் பார்த்து அந்த ஆள் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிறமாதிரி. நானும் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"மருந்து வேணுமா?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் தலையசைத்தார்.

"பின்ன போய் வாங்கிட்டு வாரும்."

பத்தடி இருக்கும். மழைத்தண்ணீரில் பாசி பிடித்த முற்றம். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத மனிதர். கால் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. நடுவில் ஒருதரம் சறுக்கி, கையை ஊன்றி, முட்டி சேறாகி எழுந்தார். நான் ஓடிப் போயிருப்பேன். ஒரு எட்டு வைத்தேன்கூட. அந்த உள்ளங்கை இறங்கவே இல்லை. அந்தப் பாதிப் புருவமும் இறங்கவில்லை. இவர் என் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க, கையை நீட்டி, பையை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். பல வருஷம் கழித்து அன்றுதான் பார்த்தார். திரும்பி நடந்து போனார்.

அவர்கள் வளைவில் மறைந்தபிறகு நான் அந்த முற்றத்திலேயே நனைந்துகொண்டு நின்றேன். ஒரு மனிதரை அந்த அளவுக்கு நான் அதற்கு முன்னும் வெறுத்ததில்லை, பின்னும் வெறுத்ததில்லை. நாய்க்குப் பழக்கம் சொல்லிக்கொடுப்பதுபோல என் புருஷனை என் முற்றத்தில் நடக்கவைத்துவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன்.

பத்து நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் வியாழன் தவறாமல் கூட்டம். ஒரே ஒருதடவை, முதல் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, மறுபடி குடித்தார். அவரே அருமனைக்குப் போன் போட்டார், அவரே போனார், வந்தார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போது ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறார். நான்கு வருஷம் முடிந்துவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்து, "டீச்சருக்கு இனி என்ன குறை?" என்கிறார்கள். வியாழக்கிழமை கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இவர், "அங்க பேசினது அங்கயே" என்பார். ஆட்டோக்காரருக்கும் மீன் லோடு ஏற்றுகிறவருக்கும் தெரிந்த விஷயம், இருபத்தாறு வருஷம் கூடக் கிடந்தவளுக்குத் தெரியக்கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

வருஷத்துக்கு ஒருநாள் குடும்பத்தாரும் வரலாம் என்று ஒரு கூட்டம் வைப்பார்கள். போன வருஷம் போயிருந்தேன். நூறு பேருக்கு மேல் இருந்த இடத்தில் இவர் எழுந்து பேசினார். எங்கள் மகளைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனை நடந்த நாளைச் சொன்னார். வெள்ளை உடுப்பில் பிள்ளை முன்னால் முழங்கால்படியிட்டிருந்தபோது, தான் கல்லறைத் தோட்டத்தில் தன் அம்மாவின் கல்லறைக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அன்றைக்கு இவருக்குத் தலைசுற்றல் என்று போதகரிடம் சொன்னவள் நான். வீட்டில் படுத்திருக்கிறார் என்று உண்மையிலேயே நம்பியிருந்தேன். நான் சொன்ன பொய்களுக்கு நடுவே, உண்மை என்று நினைத்துச் சொன்ன ஒன்றே ஒன்று. அதுவும் பொய் என்பதை நூறு பேரோடு ஒருத்தியாக உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் அந்த ஆளைத் தேடிப் பிடித்தேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக் கதைய ஊருக்கெல்லாம் சொல்ல வச்சிட்டியளே!"

"அது அவருக்க கதை, டீச்சர்," என்றார். அடுத்த நாற்காலியை எடுத்தார்.

"எனக்க கதைய நான் யாருட்டச் சொல்ல?"

கையில் நாற்காலியோடு கொஞ்சம் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அதை மற்றதன்மேல் அடுக்கினார்.

இந்த வருஷம் பங்குனியில், கடையைத் திறந்து ஒரு ரெகுலேட்டரைக் கையில் எடுத்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று போன் வந்தது. இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தன் அம்மாவுக்குக்கூட இவர் அப்படி அழுததில்லை. அடக்கத்துக்கு நீயும் வா என்றார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றேன். பரீட்சை நடந்தது உண்மைதான். லீவு கேட்டால் தந்திருப்பார்கள். அருமனை ரோட்டில் பஸ் நின்றுபோகும் அளவுக்குக் கூட்டமாம். எல்லாம் ஆண்களாம், எல்லாம் அழுகையாம்.

எட்டாம் நாள் நான் தனியாகப் போனேன். ஏன் போனேன் என்று பஸ்ஸில் பலமுறை என்னையே கேட்டேன். கடை அடைத்திருந்தது. பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரி என்னை நிறுத்தி, "அவருக்க வீட்டுக்காரிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல கேட்டியளா. கல்லுமாதிரி இருந்தாவ. இத்தன நல்ல மனுசனுக்கு..." என்றாள். நான் பின்பக்கம் போனேன்.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் நல்லவருண்ணு பறயவா வந்தே? எட்டு நாளா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

"இல்லக்கா. எனக்கு அவரப் பிடிக்காது."

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பலகையை இழுத்து என் பக்கம் போட்டார்.

"இரி. சொல்லு."

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். போனை வைத்தது, கொண்டி போட்டது, முற்றத்தில் கையைத் தூக்கி நிறுத்தியது. சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. அக்கா தன் பங்குக்கு எடுத்துவிட்டார். தன் தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டு, எவனோ ஒருவன் போன் போட்டான் என்று தாலி கட்டும் முன்பே போனாராம். தனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பக்கத்து வார்டுக் குடிகாரனோடு நாலு நாள் பேசிக்கொண்டிருந்தாராம். "அவனுக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுக்காரு பிள்ளே! நான் இஞ்ச தண்ணிக்குக் கெடக்கேன்!" இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"அண்ணு காலம்பற," என்றார் அக்கா, சிரிப்பு அடங்காமலே, "கடை தொறக்கப் போகும்போ கேட்டேன், புட்டா தோசையாண்ணு. என்ன பறஞ்சாரு தெரியுமா? எதானாலும்ணு பறஞ்சாரு. முப்பத்தொண்ணு வருசம் கூட இருந்தவளுக்குக் கடைசியா பறஞ்ச வாக்கு. எதானாலும்! புட்டுண்ணு பறஞ்சா என்ன? தோசைண்ணு பறஞ்சா..."

அங்கேதான் உடைந்தது. முறத்தைத் தட்டிவிட்டுத் தரையில் சாய்ந்தார். எட்டு நாளாக வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. பயறு அறை முழுக்கச் சிதறியது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியும், பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர், ஆண்டவரிடம் போயிருக்கிறார் என்று ஆரம்பித்திருந்தால், அந்த அழுகை அப்படியே நின்றுபோயிருக்கும்.

"மனுசனாக்கா அவரு?" என்றேன். "பெண்டாட்டி கேக்குகா, புட்டுண்ணு ஒரு வாக்கு பறஞ்சாக்க வாய் தேஞ்சா போவும்?"

அக்கா இன்னும் சத்தமாக அழுதார், தலையை ஆட்டிக்கொண்டே, ஆமா, ஆமா என்று. வாசலில் இரண்டு பெண்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. அக்கா அழுது முடிக்கும்வரை நான் அந்த ஆளை ஏசிக்கொண்டே இருந்தேன்.